அம்மாவின் நீர்க்கட்டியும் நாங்கள் மறைத்த ஊசியும்

முதல் அறிகுறி எங்கள் ஸ்கூல் வானுக்குள்தான் (பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி) தெரிந்தது. கொழும்பு கிராண்ட்பாஸ் சந்தியில் ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. நான் பிரேக்கை அமத்தினேன். பின்னால் உங்கள் அம்மாவின் மடியில் நித்திரையாயிருந்த பாலர் வகுப்புப் பிள்ளையின் தலை அம்மாவின் மார்பில் போய் இடித்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே முன்னுக்குக் குனிந்தார். கண்ணாடியில் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்ன வசந்தி, பலமாப் பட்டுட்டுதோ?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை. நீங்கள் றோட்டைப் பாருங்கோ.”

ஒரு சின்னப் பிள்ளையின் தலை பட்டு ஒரு பெரிய ஆளுக்கு இவ்வளவு நோகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வான் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் றோட்டைப் பார்த்தேன்.

தர்ஷி, அனு, இதை உங்கள் அப்பா நான் உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். வேறு பிள்ளைகளும் வாசிக்கட்டும். அம்மாவும் நானும் வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளை ஏற்றி வெள்ளவத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்குகிறவர்கள். பிள்ளைகள் வீட்டில் சொல்லாததை வானுக்குள் சொல்வார்கள். சென்ற தவணை ஒரு பிள்ளை என் காதுக்குக் கிட்ட வந்து, “அங்கிள், எங்கட அம்மாக்கு மார்பில கட்டியாம். அவ செத்துப்போவாவா?” என்று கேட்டது. “இல்லையடா, அப்பிடி எல்லாம் நினைக்கக்கூடாது” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் போதாது. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த அளவுக்கு, நடந்தபடி எழுதுகிறேன்.

மார்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இதில் நான் சொல்லப்போகிறேன். கை, கால், காது போல அதுவும் உடம்பில் ஓர் இடம். நீங்கள் இருவரும் முதன்முதலில் பசியாறிய இடம்.

அன்று பின்னேரம்தான் அம்மா என்னிடம் உண்மையைச் சொன்னார். வலது மார்பில், மேற்பக்கம், ஒரு முந்திரிகைப் பழமளவு (திராட்சை) கட்டி. தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் நோவு கூடும். கண்டு இரண்டு மாதமாகிறது.

“ரெண்டு மாதமோ? டொக்டரிட்டப் போகேல்லையோ?”

“போனனான். சந்தி டிஸ்பென்சரிக்கு.”

“அவர் என்ன சொன்னவர்?”

“தோளுக்குப் பூசக் களிம்பு தந்தவர்.”

“தோளுக்கோ?”

“அவர் ஆம்பிளை டொக்டரெல்லே. சொல்ல வாய் வரேல்ல. தோள் நோகுது எண்டு சொல்லிப்போட்டன். நல்லா அமத்தி அமத்திப் பாத்தவர், பாவம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தக் களிம்பு உங்களுக்குத் தெரியும். அனு விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டு வந்தபோது பூசினோமே, அதுதான்.

அடுத்த வாரம் அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரியின் மார்பகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான ஒரு தாழ்வாரம். ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள் வாங்கில்களில் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் அவர்களின் கணவன்மார் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். பெண்கள் சிங்களத்திலும் தமிழிலும் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொண்டுவந்த மாலுபணிஸை (மீன் வைத்த பணிஸ்) நாலு பேர் பிய்த்துச் சாப்பிட்டார்கள். ஆம்பிளைகள் நாங்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டொக்டர் இளம் பெண். சிங்களப் பிள்ளை, தமிழும் கதைப்பார். முதலில் கையால் பரிசோதித்தார். மமோகிராம் (மார்பை அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்க அனுப்பினார். பிறகு ஸ்கான் அறைக்கு அழைத்தார். அம்மா வாசலில் நின்று, “இவரும் வரலாமோ?” என்று கேட்டார். டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மயங்கி விழ மாட்டீங்கதானே?” என்றார். இல்லை என்றேன். ஆனாலும் நேர்ஸ் எனக்கு ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கான் (காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்குவது) என்ற பெயரை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். நீங்கள் வயிற்றில் இருந்தபோதும் அம்மாவுக்கு எடுத்தது. அப்போதெல்லாம் என்னை வெளியில் நிறுத்திவிட்டார்கள். இதுதான் முதல்தடவை. நான் நாள் முழுக்கக் காலி வீதியின் ஹோர்ன் சத்தத்துக்குள் இருக்கிறவன். சத்தம் என்றால் தலையிடி என்றுதான் எனக்குத் தெரியும். சத்தத்தைக் கொண்டு ஒரு மனிதரின் தோலுக்குக் கீழே பார்க்கலாம் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருந்தது. டொக்டர் கருவியை மெல்ல நகர்த்தினார். அந்தச் சாம்பலுக்கு நடுவில் திடீரென்று ஒரு வட்டம் வந்து நின்றது. தனிக் கறுப்பு. ஓரம் கம்பாசால் வரைந்ததுபோல ஒழுங்காக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது.

“இது நீர்க்கட்டி” என்றார் டொக்டர் (உள்ளே நீர் தேங்கிய மெல்லிய பை). “தண்ணி சத்தத்தைத் தடுக்காது. நேரா விட்டுரும். அதுதான் கறுப்பு. பின்னால வெளிச்சம் இருக்குதானே? அதுவும் தண்ணிண்டு சொல்லுது. புற்றுநோய் இல்ல. அம்மே, பய வெண்ட எபா. பயப்பட வேணாம்.”

அம்மா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழை பெய்து முடிந்த பிறகு முற்றத்தில் நிற்கும் நீர்போல, அம்மாவுக்குள் ஒரு சொட்டு நீர் ஒளிந்திருந்து அவரை இரண்டு மாதம் பயப்படுத்தியிருக்கிறது.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். பால் சுரக்கும் இடங்கள் மாதாமாதம் ஒரு பிள்ளைக்காகத் தயாராகுமாம். கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் நீர் ஊறும். பிள்ளை வரவில்லை என்றதும் திரும்ப அடங்கிவிடும். வயது நாற்பதைத் தாண்டும்போது சில இடங்களில் அந்த நீர் வடியாமல் தங்கிவிடும். அவ்வளவுதான்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். அனு பால் குடிப்பதை நிறுத்தி எத்தனையோ வருடம். யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அம்மாவின் உடம்பு மாதாமாதம் இன்னொரு பிள்ளைக்குப் பாய் விரித்து, பிறகு அதைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரியாது.

“நோகுதுதானே? ஊசியால எடுத்தாச் சுகம். எடுக்காட்டியும் ஒண்ணும் இல்ல. உங்கட விருப்பம்” என்றார் டொக்டர்.

அம்மா என் கையைப் பிடித்தார். “ஊசி குத்தினாப் பரவும் எண்டு அக்கா சொன்னவ, மிஸ்.”

“பரவுறதுக்கு உள்ள என்ன இருக்கு? தண்ணி.”

அம்மா என் கையை விட்டார். “அப்ப எடுங்கோ. வானுக்குள்ள சின்னதுகள் மேல விழுந்து படுக்குதுகள். தாங்கேலாமல் கிடக்கு.”

ஸ்பிரிட் தடவி, திரையைப் பார்த்தபடியே டொக்டர் ஊசியை இறக்கினார். சாம்பலுக்குள் ஒரு வெள்ளைக் கோடு நுழைந்து கறுப்பு வட்டத்தைத் தொட்டது. சிரிஞ்சுக்குள் நீர் ஏறியது. வெளிறிய பிளேன்டீ (பால் விடாத தேநீர்) நிறம். அதே நேரம் திரையில் வட்டம் நசிந்து முட்டை வடிவமானது. பிறகு ஒரு கீற்று. பிறகு ஒன்றுமில்லை. முகில் கலைந்து போவதைக்கூட இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

“தொட்டுப் பாருங்க” என்றார் டொக்டர். அம்மா தடவித் தடவிப் பார்த்தார். “எங்க?” என்றார். பிறகு சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு.

டொக்டர் அந்த நீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டார். நான் கதிரையை விட்டு எழும்பினேன். “மிஸ், சோதிக்க அனுப்பேல்லையோ?”

“இரத்தம் கலந்து வந்தா அனுப்புவோம். இல்லாட்டி எடுத்த பிறகும் கட்டி மிஞ்சினா. இங்க ரெண்டும் இல்ல. ஒண்டு ரெண்டு நாளைக்குப் பாரம் தூக்க வேணாம். தூக்கினாத் தோல் நீலமாகிக் கண்டல் வரும். மறுபடி கட்டி வந்தா இங்கதான் வாங்க.”

அன்று மத்தியானமே அம்மா வானில் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினார். பைகளையும் தூக்கினார். நோவு போன சந்தோஷத்தில் நான் தடுக்கவுமில்லை.

இனிமேல்தான் நாங்கள் விட்ட பிழை வருகிறது.

வெள்ளவத்தையில் சாந்திப் பெரியம்மா இருக்கிறார், அம்மாவின் அக்கா. பாசம் கூடினவர், குரலும் கூடினவர். அம்மா போனில் நடந்ததைச் சொல்ல, பெரியம்மாவின் சத்தம் எனக்குக் குசினி அடுப்புவரை கேட்டது.

“கொட்டிப்போட்டினமோ? உடம்புக்குள்ள இருந்து எடுத்ததைச் சோதியாமல் கொட்டிப்போட்டினமோ? நீ என்ன, பாத்துக்கொண்டோ கிடந்தனீ?”

“அது வெறும் தண்ணியாம் அக்கா.”

“தண்ணியாம்! அவளுக்கு என்ன வயசு? உன்ர தர்ஷியை விட நாலு வயசு மூப்பா இருப்பாளோ?”

அம்மா அதற்கும் சிரித்தார். ஆனால் இரண்டொரு நாளில் அதே இடத்தில் திரும்பவும் ஒரு கட்டி வந்தது. முன்னையதுபோல வழுக்கவில்லை. கல்லுப்போல இருந்தது, தொட்டால் நொந்தது. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“பாத்தியே, பரவிட்டுது” என்றார் பெரியம்மா. “ஊசி போட விடாதை எண்டு சொன்னனான்.”

மறுபடி வந்தால் இங்கேதான் வாருங்கள் என்று அந்த டொக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் போகவில்லை. பெரியம்மா பெரிய டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினார் (தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து விசேட வைத்தியரைப் பார்ப்பதற்குக் கொழும்பில் அப்படித்தான் சொல்வோம்). சனல் பண்ணுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டாவது டொக்டரிடம் முதலாவது டொக்டரைப் பற்றி மூச்சும் விடமாட்டோம். சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார் என்று ஒரு பயம். முதல் ஆள் சொன்னதையே இவரும் சொல்லிவிடுவார் என்று இன்னொரு பயம். கெட்டிக்காரர் என்றால் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று பரீட்சை வைக்கிறதுபோலப் போய் இருப்போம். எங்கள் குடும்பம் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான்.

ஓட்டோவில் போகும்போதே பெரியம்மா சொல்லித் தந்தார். “கிளினிக்கும் இல்லை, ஊசியும் இல்லை. இப்பத்தான் கண்டதெண்டு சொல்லுங்கோ. விளங்கினதோ தம்பி?”

“விளங்கினது அக்கா” என்றேன்.

அந்த டொக்டர் வயதானவர், எங்கள் தமிழ் ஆள், மெதுவாகக் கதைப்பவர். “முதல் எங்கயும் காட்டினீங்களோ? ஊசி ஏதும் போட்டதோ?” என்று கேட்டார்.

“இல்லை டொக்டர். நேரா உங்களிட்டத்தான்” என்று பெரியம்மா சொன்னார். அம்மா நிலத்தைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன்.

திரையில் இந்தமுறை கறுப்பு வட்டம் இல்லை. சாம்பலுக்குள் ஒரு கலங்கல். உள்ளே நூல் நூலாக ஏதோ கிடந்தது. டொக்டர் கருவியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன்.

“முழுக்கத் தண்ணி எண்டா நான் யோசிக்கமாட்டன். இதுக்குள்ள வேற ஏதோ கலந்திருக்கு. வரவர மாறியிருக்கோ எண்டு பாக்கப் பழைய படமும் இல்லை. பயொப்சி செய்யிறது நல்லது” என்றார் (தடித்த ஊசியால் சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது).

பழைய படம் இருந்தது. கிளினிக்கில் இருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

பயொப்சிக்கு நாள் தந்தார்கள். அதுவரை வீட்டில் இருந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஏன் அப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தர்ஷி, அம்மா உன்னைக் கூப்பிட்டு அனுவுக்குத் தலை பின்னச் சொல்லித் தந்தார் அல்லவா? “மூண்டாப் பிரி. இறுக்கிப் பிடி. இல்லாட்டி இன்ரேவலுக்கு முதல் அவிழ்ந்திடும்.” நீ சலித்துக்கொண்டாய். “நீங்களே பின்னலாந்தானே அம்மா, எனக்குச் சோதனை இருக்கு” என்றாய். அம்மா கோபிக்கவில்லை. அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னச் சொன்னார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். அம்மா உன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனு என்னிடம் வந்து கேட்டாள்: “அப்பா, அம்மா எங்கயும் வெளிநாடு போகப்போறாவா?”

“ஏன் கேக்கிறாய்?”

“எல்லாம் சொல்லித் தாறாவே.”

பள்ளிக்கூடம் விடும்வரை வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் வானை நிற்பாட்டிக் காத்திருப்போம். அங்கேதான் அம்மாவும் நானும் கதைப்போம். ஒருநாள் அம்மா கேட்டார்: “நான் இல்லாட்டி வானுக்கு ஆரை வைப்பியள்?”

“உம்மட அக்காவைத்தான்.”

“ஐயோ! பிள்ளையள் எல்லாம் பஸ்ஸில போயிடுங்கள்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அழத் தொடங்கினார். கோச்சி (ரயில்) ஒன்று கடற்கரையோரம் போனது. அது போகும்வரை அம்மா அழுதார்.

பயொப்சி நாளன்று பெரியம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். தட்டில் ஊசி தயாராக இருந்தது. டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பிரிட் தடவக் குனிந்தவர் நின்றுவிட்டார். முதல் தடவை வந்தபோது மேலே ஒன்றும் தெரியவில்லை. இப்போது தோலில் ஒரு நிறம் இறங்கியிருந்தது. ஓரத்தில் மஞ்சள், நடுவில் பச்சை.

“இதென்ன கண்டல், பிள்ளை? எங்கயும் அடிபட்டதோ?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“டொக்டர், நாங்கள் பொய் சொல்லிப்போட்டம். கிளினிக்கில மமோகிராமும் எடுத்து, ஊசி போட்டுத் தண்ணி எடுத்தவை. அப்ப அது வெறும் தண்ணியாத்தான் இருந்தது. இவரும் பாத்தவர். சொன்னா நீங்கள் கோவிப்பீங்கள் எண்டு...”

டொக்டர் கையுறையைக் கழற்றினார். ஒரு ஸ்டூலை இழுத்து இருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“கோவிக்கிறதுக்கு நாங்கள் டொக்டர்மார் என்ன சம்பந்தி வீட்டுக்காரரோ?” என்றார். “ஒரு கலியாணத்துக்குச் சொல்லி மற்றதுக்குச் சொல்லேல்லை எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போக?”

நேர்ஸ் வாயைப் பொத்திச் சிரித்தார். அம்மாவுக்குக் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது.

“திரும்ப ஒருக்கா ஸ்கான் பாப்பம்” என்றார் டொக்டர்.

மூன்றாவது தடவையாகத் திரையைப் பார்த்தேன். அதே கலங்கல் இருந்தது. ஆனால் சின்னதாக இருந்தது. டொக்டர் முன்னைய அளவைப் பக்கத்தில் எடுத்துவைத்து எனக்குக் காட்டினார். கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

“புற்றுநோய்க் கட்டி சும்மா விட்டா இப்பிடிச் சுருங்காது. இது இரத்தம். ஊசி பட்ட இடத்தில கொஞ்சம் கசிஞ்சு, வெறும் பைக்குள்ள தேங்கி உறைஞ்சிருக்கு. பாரம் ஏதும் தூக்கினீங்களோ?”

“பிள்ளையளைத் தூக்கினனான்.”

“இரத்தம் கசிய அது காணும். இப்ப உங்கட உடம்பே அதைத் துடைச்சுக்கொண்டு வருது. நான் ஊசியை வைச்சா அந்த வேலையைக் குழப்பிற மாதிரி. மமோகிராமும் எடுத்ததெண்டு சொன்னீங்கள். எல்லாப் படமும் அந்தக் கிளினிக்கிலதான் இருக்கு. அங்கயே போங்கோ. என்னட்ட வந்ததையும் சொல்லுங்கோ. சில கிழமையில திரும்பப் பாக்கவேணும். அப்பவும் மிஞ்சியிருந்தா அந்த இடத்தில துண்டு எடுப்பினம். போகாமல் மட்டும் விட்டிடாதேங்கோ.”

வெளியில் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் செருப்பைத் திரும்ப மாட்டினார். பிறகு மெதுவாக, “அப்ப அந்தச் சின்னப் பெட்டை சரியாத்தான் செய்திருக்கிறாள்” என்றார். ஓட்டோவில் வரும் வழி முழுக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியம்மா வாய் திறக்காமல் வந்த ஒரே பயணம் அதுதான்.

நான் எழுத நினைத்த முக்கியமான இடம் இதுதான். அந்தச் சில வாரங்களும் அம்மாவுக்கு யாரும் ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. நோவுக்கு மட்டும் சாதாரண குளிசை, நல்ல தாங்கலாக உள்ளாடை போடும்படி ஒரு புத்திமதி. தேத்தண்ணியைக் குறைத்தால் சிலருக்குச் சுகமாக இருக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அம்மா ஒருநாள் குறைத்துப் பார்த்தார், அன்று எங்கள் மூன்று பேருக்கும் ஏச்சு விழுந்தது, மறுநாள் பழையபடி குடித்தார். அவ்வளவுதான் வைத்தியம். மிச்சத்தை அம்மாவின் உடம்பு செய்தது.

தோலில் அந்த நிறம் ஒவ்வொரு நாளும் மாறியது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் தவிட்டு நிறமானது. பிறகு அது தோலோடு கலந்து போனது. அம்மா சோறு காய்ச்சும்போதும், வானில் பிள்ளைகளை எண்ணும்போதும், நித்திரை கொள்ளும்போதும் அந்த வேலை நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. வானில் டயர் காற்றுப்போனால் நான் இறங்கிக் கழற்ற வேண்டும். எஞ்சின் சத்தம் மாறினால் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் தானே திருத்தும் ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கிளினிக்கில் அந்த இளம் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர், “அய்யோ அம்மே!” என்று தலையில் கைவைத்தார். பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. அந்த இடம் எது என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆனா இடப்பக்கம் ரெண்டு சின்னது இருக்கு. முதலும் இருந்திச்சு. தண்ணிதான்.”

அம்மா எழும்பி இருந்தார். “அதை எடுக்கேல்லையோ?”

“நோகுதா?”

“இல்லை. இருக்கிறதெண்டே தெரியாது.”

“அப்ப எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும் பாவம்.”

“இருக்கெண்டு தெரிஞ்சும் விடுறதோ?”

“ஓம். மாதவிடாய் நிக்கிற வயசுவரைக்கும் இதுகள் வரும், போகும். வந்த எல்லாத்தையும் துரத்தத் தேவையில்ல. ஆனா புதுசா ஏதும் தட்டுப்பட்டா நீங்களே தண்ணிண்டு முடிவு செய்ய வேணாம். கையால தொட்டு யாராலும் சொல்ல ஏலாது, என்னாலயும் ஏலாது. வந்து காட்டுங்க. தோளைக் காட்ட வேணாம்.”

அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். அதை நான்தான் டொக்டரிடம் சொல்லியிருந்தேன்.

இதை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கும் கட்டி என்று கேள்விப்பட்டால் இதைத்தான் சொல்வேன். அது என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது. பல கட்டிகள் எங்கள் அம்மாவுடையதுபோல வெறும் நீர். சில அப்படி இல்லை. அவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போகவேண்டும். அம்மாவைப் போகச் சொல்லுங்கள். போனால் நடந்தது எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். டொக்டருக்குப் பரீட்சை வைக்கவேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது இன்னொரு மணிக்கூடு ஓடுகிறது. பள்ளிக்கூட மணிக்கும் வானுக்கும் சம்பந்தமில்லாதது. அது மாதத்துக்கு ஒருதடவை ஏறி இறங்குகிறது. மாதவிடாய் முடிந்த பிறகு ஒருநாள் அம்மா தன் மார்பைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வார். முன்பெல்லாம் நாள் என்றால் எனக்கு முன்னுக்கு ஓடுவது மட்டும்தான். காலை, மத்தியானம், மாதமுடிவு. உடம்புக்குள் நாள் வட்டமாக ஓடுகிறது என்பதை இவ்வளவு வயதுக்குப் பிறகு அறிந்தேன். தர்ஷி, உனக்குள்ளும் அந்த மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது. உனக்கு வயிறு நோகும் நாட்களில் நான் இப்போது சத்தம் போடாமல் இருப்பது அதனால்தான்.

இந்த மாதம், போன சனிக்கிழமை, அம்மா குசினியில் இடியப்பத்துக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, “வந்திருக்கிறார் ஒருத்தர்” என்றார்.

“ஆர்?”

“இடப்பக்கம். புது ஆள். சின்னன்.”

இப்போதும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது, அதை மறைக்கமாட்டேன். “எவ்வளவு நாள் நிப்பாராம்?” என்று கேட்டேன்.

“எனக்கெப்பிடித் தெரியும்? திங்கட்கிழமை கிளினிக். காட்டிக் கேப்பம்.”

“சரி. நானும் வாறன்.”

அம்மா திரும்பி உரலில் குனிந்தார். அவருடைய தோள் ஏறி இறங்கியது. கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அந்தச் சட்டைக்குக் கீழே, தோலுக்குக் கீழே, எத்தனை வேலைகள் ஒன்றோடொன்று முட்டாமல் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபடி நான் அப்படியே நின்றேன். இந்த மனுஷியோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். “என்ன, என்னைக் காணாதமாதிரிப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? சம்பலுக்குப் புளி விட அந்தத் தேசிக்காயை எடுங்கோ.”

எடுத்துக் கொடுத்தேன்.